பேரீச்ச மரம் வரை ஓடிய கார்

என் அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயரை வாசிக்க ஆள் தேடுவார். ஆனால் ஓரத்தில் உள்ள தட எண்ணைத் தானே பார்த்து ஏறிவிடுவார். என் ரேங்க் கார்டு வீட்டுக்கு வந்தால் பாடங்களின் பெயர்களையெல்லாம் தாண்டி நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போவார். அங்கே எண் பெரிதாக இருந்தால் அன்றைக்கு எனக்கு முட்டை உண்டு. எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்கப் போனவன் நான். ஆகவே படிப்பு என்றால் எண்தான் என்று நானும் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்த காலத்தில் என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. பழைய பேப்பர் கடையில் அகப்பட்ட வெளிநாட்டு மோட்டார் பத்திரிகைகளிலிருந்து, உலகத்திலேயே வேகமான கார்களின் விவரங்களை அதில் எழுதி வைத்திருந்தேன். குதிரைத்திறன் எவ்வளவு, உச்ச வேகம் எவ்வளவு, நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை வினாடி. சிவப்பு மையில் கோடு, நீல மையில் எண். அதுவரை நான் காரில் ஏறியது ஒரே ஒரு முறைதான். சித்தி கல்யாணத்தில், வாடகைக் காரில், பெரியப்பா மடியில். அந்தப் பயணத்தில் பாதி தூரம் நான் வாந்தி எடுத்தேன் என்று இன்றும் வீட்டில் சொல்வார்கள். நோட்டில் அது இல்லை.

விடுதியில் என்னுடன் ஒரே அறையில் இருந்தவன் காயல்பட்டினத்துக்காரன். அவன் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு புகைப்படம் ஒட்டியிருந்தது. மஞ்சள் நிறத்தில், தரையோடு தரையாகப் படுத்திருந்த ஒரு கார். பக்கத்தில், அதன் கூரை தன் இடுப்பளவுகூட வராததால் மிக உயரமாகத் தெரிந்த ஒரு மெலிந்த மனிதர். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பெருமையாக நிற்பார். அது அவனுடைய அக்காள் மாப்பிள்ளை. வளைகுடாவில் ஓர் அரபி வீட்டில் வேலை. அந்தக் காரை ஓட்டுவதே அவர்தான் என்பது அவன் சொன்னது. அந்தக் கார் என் நோட்டில் பதினோராம் பக்கத்தில் இருந்தது.

எங்களுக்குள் சண்டை இதில்தான். எண்களை எடுத்துவிட்டால் அந்தக் காரில் மிச்சம் என்ன என்று நான் கேட்பேன். இருவர் உட்கார இடம், பை வைக்க இடமில்லை, மழை வந்தால் கண்ணாடி வியர்க்கும்.

"ஏலே, பாத்தா மேலெல்லாம் சிலிர்க்குதுல்லா? அது போதாதா?" என்பான்.

"சிலிர்க்குதத அளக்க முடியாதே."

"திருச்செந்தூர்க் கடலப் பாத்துட்டு எத்தன லிட்டருன்னு கேப்பியாலே நீ?"

"கடல யாரும் செஞ்சு விக்கலியே வே."

ஒரு நாள் கணக்குப் போட்டே காட்டினேன். அந்தக் காரின் உச்ச வேகத்தில் போனால் திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து திருச்செந்தூருக்குப் பன்னிரண்டே நிமிடம். அறையில் எல்லாரும் வாய் பிளப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த ஒருவன், "வழியில ரயில் கேட்டு அடச்சிருந்தா?" என்று கேட்டான்.

"அப்பம் ஒரு மணி நேரம் பன்னெண்டு நிமிசம்," என்றான் காயல்பட்டினத்தான்.

இரண்டாம் ஆண்டில் அந்தப் படத்து மச்சான் விடுமுறைக்கு வந்தார். "வா, நேர்லயே கேட்டுரு. ஓட்டுனவரு சொல்லட்டும்," என்று நண்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போனான். நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இரண்டு பேனா, ஒன்று தீர்ந்துபோனால் இன்னொன்று.

ஸ்ரீவைகுண்டம் தாண்டியபின் பஸ்ஸில் வைத்துத்தான் வீட்டு நிலவரத்தைச் சொன்னான். அவர்கள் ஊரில் கல்யாணம் ஆனால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். ஆகவே அந்த வீட்டில் அவர் என்றைக்கும் பாதி விருந்தாளி. முதல் கறி அவருக்கு. வீட்டில் எது தீர்மானமானாலும் கடைசித் தகவலும் அவருக்கு. மச்சானுக்குக் கல்யாணம் ஆகி நான்கு வருடம். அதில் அவர் ஊரில் இருந்தது நான்கு மாதம்.

"இந்தத் தடவ போக மாட்டேங்காரு. ராத்தாவும் விட மாட்டேங்கா," என்றான். ராத்தா என்றால் அக்காள், வாப்பா என்றால் அப்பா. "வாப்பா ஒரு பழைய காரு வாங்கி முடுக்குல நிறுத்தியிருக்கு. கோயிலுக்கு வாரவங்களுக்கு, திருவனந்தபுரம் ஏர்போட்டுக்குப் போறவங்களுக்கு வாடகைக்கு விட. மச்சான் ஓட்டட்டும்னு யோசன. ஆனா மூணு வாரமா சாவியக் குடுக்கல. யாரையும் தொடக்கூட விடல. அவ்வளவு மரியாத அந்த வண்டி மேல. மச்சான் விசா இந்த மாசக் கடைசியோட முடியுது. அதுக்குள்ள குடுத்தா இருப்பாரு, இல்லன்னா பிளேனு ஏறணும்."

"குடுக்காம என்ன? உலகத்துலயே வேகமான வண்டி ஓட்டுனவரு."

"அதச் சொல்லித்தானே வாப்பா ஊரெல்லாம் பெரும பேசிக்கிட்டுத் திரியுது. நீயும் படிச்ச பையன், நாலு கேள்வி கேட்டு அவரு டாண் டாண்ணு சொன்னாருன்னு வையி, வாப்பா சாவிய எடுத்து நீட்டிரும்."

இந்தப் பொறுப்பு எனக்குப் பிடித்திருந்தது. பஸ்ஸிலேயே கேள்விகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தினேன்.

அந்த வீட்டின் பக்கவாட்டு முடுக்கில், ஒரு குறுகிய சந்தில், வெள்ளைக் கார் ஒன்று தார்ப்பாய் போர்த்தி நின்றது. நண்பனின் வாப்பா இரும்புக் கடை வைத்திருப்பவர். இடுப்பில் கட்டிய வெள்ளைச் சாரத்துக்கு மேல் அகலப் பச்சை பெல்ட், அதன் பைக்குள் கார் சாவி. "வாங்க தம்பி," என்று வரவேற்ற கையை உடனே பெல்ட்டின் மேல் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.

சாப்பாடு சஹனில். பெரிய வட்டத் தட்டு, அதில் குவித்த நெய்ச்சோறு, நடுவில் கறி. தட்டுக்கு இருவர். என்னை மச்சானோடு உட்கார வைத்தார்கள். வாப்பாவும் நண்பனும் பக்கத்துச் சஹன். நண்பன் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தான்: உன் பக்கத்துச் சோற்றைத்தான் நீ தின்ன வேண்டும், எதிரே இருப்பவருக்குக் கறியைத் தள்ளிவிடுவது மரியாதை, அவர் முடிக்காமல் நீ எழுந்திருக்கக் கூடாது. மூத்தவரை அங்கே காக்கா என்று கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லியிருந்தான்.

நோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு இடது கையால் பக்கம் புரட்டினேன்.

"காக்கா, நூறு கிலோமீட்டர் வேகம் வர எத்தன செகண்டு ஆச்சு?"

"கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள, தம்பி." ஒரு கறித் துண்டை என் பக்கம் தள்ளினார்.

கண் மூடித் திறப்பது ஒரு வினாடிக்கும் குறைவு, எந்த எஞ்சினாலும் அது முடியாது என்று பணிவோடு சொன்னேன். இன்னொரு துண்டு வந்தது.

"கியர் எத்தன காக்கா?"

"அஞ்சு."

"பத்திரிகையில ஆறுன்னு போட்டிருக்கே."

"ஆமா, ஆறு. அந்த ஆறாவதப் போட எடம் எங்கன இருக்கு?" என்று சிரித்தார். பக்கத்துச் சஹனில் வாப்பாவும் சிரித்தார். மச்சான் கையில் கிடைத்த நல்ல எலும்புத் துண்டு ஒன்று என்னை நோக்கி வந்தது. என் முன்னால் சோறு தெரியாத அளவுக்குக் கறி சேர்ந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட விருந்தோம்பல் என்று நெகிழ்ந்துபோனேன். வாயில் கறி இருந்தால் கேள்வி வராது என்பது அந்த மனிதருடைய எண்ணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் சீக்கிரமாக மெல்லக் கூடியவன்.

"ரிவர்ஸ் எந்தப் பக்கம் காக்கா? வலதா, இடதா?"

இதை நான் எளிய கேள்வி என்று நினைத்துத்தான் கேட்டேன். நடுவில் அவருக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம் என்று. மச்சானின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. ஒரு வண்டியை ஒரு நாள் ஓட்டியவனுக்குக்கூட அது கைக்குத் தெரியும். வேகம் மறக்கலாம், வினாடி மறக்கலாம். பின்னால் எடுக்கக் கையை எங்கே கொண்டுபோனோம் என்பது மறக்காது. அவருக்கு அது தெரியவில்லை. அது அவருக்குத் தெரியாது என்பது பக்கத்துச் சஹனுக்கும் தெரிந்துவிட்டது.

பஸ்ஸில் நண்பன் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாவி, விசா, மாதக் கடைசி. எப்படியாவது சரிசெய்ய வேண்டுமென்று, "அவ்வளவு வேகமான வண்டிக்கு ரிவர்ஸே போட வேண்டியிருக்காது," என்றேன்.

"ஏலே, நீ தின்னு," என்றான் நண்பன்.

"இல்ல, பத்திரிகையே தப்பா இருக்கும். பழைய பத்திரிகை." என் வாழ்க்கையில் அச்சிட்ட எண் ஒன்றை நான் சந்தேகித்தது அதுவே முதல் முறை. அதனால் ஒரு பயனும் இல்லை.

வாப்பா கையை உதறினார். "மாப்ள, அந்த வண்டிய நீங்க ஓட்டுனீங்களா, இல்லியா?"

மச்சானுக்கு எழுந்து போக வழியில்லை. நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை. சஹனில் எதிரே இருப்பவர் முடிக்காமல் அவரும் எழ முடியாது. என் முன்னால் அவரே தள்ளிவைத்த கறி மலைபோல் கிடந்தது.

"ஓட்டல மாமா," என்றார். "தொடச்சேன்."

அப்புறம் அவர் சொன்னதில் ஓர் எண்கூட இல்லை. அரபிக்கு நிறைய கார்; அதற்கு மட்டும் தனி அறை. "எங்க அறைக்கு ஃபேனு. அதுக்கு ஏசி. பகல்ல தொடைக்கிற சாக்குல அங்கனயே நிப்பேன்." கையில் மோதிரம் இருக்கக் கூடாது. சட்டைப் பித்தான் கீறிவிடும் என்று பனியனோடுதான் உள்ளே போக வேண்டும். துணி ஒரு பக்கமாகவே போக வேண்டும், திரும்பக் கூடாது. அரபி வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வருவார். ஏறி உட்கார்ந்து, எஞ்சினைப் போட்டுக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அணைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவார். எங்கும் ஓட்டிப் போவதில்லை.

"சும்மா கேக்கவா?" என்றேன். என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"சும்மா கேக்கத்தான். நானும் நின்னு கேப்பேன். அரபி போன பொறவு பின்பக்க மூடி மேல கைய வைப்பேன் தம்பி. காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி சுடும். ஒரு மணி நேரம் ஆவும் ஆற. ஆறுற வரைக்கும் கைய எடுக்க மனசு வராது."

பிறகு ஒரு நாள் பேட்டரி செத்துப்போனது. அரபிக்கு வெயிலில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். ஒரு மலையாளி, இரண்டு பட்டாணியர், ஒரு வங்காளி, எல்லாரும் தள்ள வேண்டியதாயிற்று. ஸ்டியரிங்கைப் பிடிக்க ஓர் ஆள் உள்ளே உட்கார வேண்டும். இருப்பதிலேயே எடை குறைந்தவர் இவர்.

"பாய விரிச்சு உக்காந்த மாதிரி இருந்துச்சு, அவ்வளவு தாழ. சத்தமே கெடையாது. பின்னால தள்ளுறவங்க மூச்சுதான் கேக்குது. அந்த அறையிலருந்து பேரீச்ச மரம் வரைக்கும் பைய போச்சு. நான் ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு..." அவர் எச்சில் கையோடு காற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்துக் காட்டினார். "கண்ணுல தண்ணி வந்துட்டு மாமா. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. எறங்கினதும் வங்காளி ஒரு படம் எடுத்தான். அதான் அனுப்புனேன். ஓட்டுனேன்னு நான் எழுதல. நீங்க ஓட்டுனாருன்னு சொன்னீங்க. நான் இல்லன்னு சொல்லல."

முதுகுக்குப் பின்னால் இருந்த அந்தக் கையில் என்ன இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. துடைக்கும் துணி. ஒரு வருடத்துக்கு மேலாக அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். காரைத்தான் பார்த்திருக்கிறேன்.

"அப்பம் ஒங்களுக்கு வண்டியே ஓட்டத் தெரியாதா?" வாப்பாவின் குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. ஊரெல்லாம் சொல்லி வைத்தவர் அவர்தானே.

"தண்ணி லாரி ஓட்டுனேன் மாமா. நாலு வருசமும். காலையில லாரி, மத்தியானம் தொடைக்கிற வேல. பாலைவனத்துல, மணல்ல. ஒரு கீறல் கெடையாது. தண்ணி லாரின்னு சொன்னா யாரு கேப்பா?"

உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ராத்தா. "எனக்கு மொதக் கேசட்டுலயே தெரியும் வாப்பா." அந்த நாளில் கடிதத்துக்குப் பதில் குரலைக் கேசட்டில் பதிவு செய்து அனுப்புவார்கள். "ரெண்டாவது கேசட்டுல அந்த எஞ்சின் சத்தங்கூட இருக்கு. பேசாம அதயே பத்து நிமிசம் பிடிச்சு அனுப்பியிருந்தாங்க. நான் என்னமோ சொல்ல வாராங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

"நல்லா இருந்துச்சா?" என்று நான் திரையைப் பார்த்துக் கேட்டேன். இதைக் கேள்விப் பட்டியலில் நான் எழுதியிருக்கவில்லை.

"அவங்க மூச்சு விடுத சத்தம் நடுவுல கேக்கும்," என்றது குரல். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு, தன் பக்கத்துச் சோற்றையும் சேர்த்து என் பக்கம் தள்ளினார்.

வாப்பா எழுந்து கை கழுவினார். பெல்ட்டிலிருந்து சாவியை எடுத்தார். அதை உடனே நீட்டாமல், இரண்டு முறை உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தார். "வாங்க மாப்ள, வெளிய."

நாங்களும் கையைக் கழுவிக்கொண்டு பின்னாலேயே போனோம். தார்ப்பாயை அவரே இழுத்தார். மச்சான் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினார். ஒரு சின்னச் சொடுக்குச் சத்தம். மறுபடியும் திருகினார். மறுபடியும் சொடுக்கு. வாப்பா எதிர்ச் சுவரில் ஏதோ எழுதியிருப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நண்பனுக்குத்தான் முதலில் விளங்கியது. "வாப்பா, இதுக்குத்தான் மூணு வாரமா யாரையும் தொட விடலியா?"

"தொட்டா தெரிஞ்சிரும்லே," என்றார் அவர். "வாங்கின மறுநாள்லருந்து இப்படித்தான் கெடக்கு. நானே போயிப் பாத்து வாங்கினேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்."

ஜன்னலுக்குள்ளிருந்து ராத்தா சொன்னாள்: "ஓட்டாத மாப்பிள்ளைக்கு ஓடாத காரு. நல்ல பொருத்தந்தான் வாப்பா."

மச்சான் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்து, சக்கரங்களையும் முடுக்கின் நீளத்தையும் பார்த்தார். நாலு வருடம் மணலில் லாரி ஓட்டியவர் பார்க்கிற பார்வை. "பேட்டரிதான் மாமா. வேற ஒண்ணும் இல்ல. ரெண்டாவது கியர்ல போட்டு வச்சிக்கிடுதேன். தள்ளுங்க. நான் சொல்லும்போது விட்டுருங்க."

தள்ளினோம். வாப்பா நடுவில், நான் ஒரு பக்கம், நண்பன் ஒரு பக்கம். வயிறு முட்டக் கறி தின்றுவிட்டுக் கார் தள்ளுவது எளிதல்ல. முடுக்கின் இரண்டு பக்கமும் ஜன்னல்கள் திறந்தன. முடுக்கில் பாதி தூரம் போயிருப்போம், மச்சான் கையை வெளியே நீட்டி அசைத்தார். வண்டி ஒருமுறை குலுங்கிற்று. கரும்புகை மூவர் முகத்திலும் வந்து அடித்தது. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தம் அழகானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு உலுக்குவது போன்ற சத்தம். ஆனால் வாப்பா மூச்சு வாங்கிக்கொண்டு, இடுப்பில் கைவைத்து நின்று, அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமை அரபி இப்படித்தான் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. மச்சான் காரை அணைக்காமல் இறங்கி வந்து, முன் மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "சூடு ஏறுது," என்றார்.

"சாவி அதுலயே இருக்கட்டும்," என்றார் வாப்பா.

அன்று என்னைப் பஸ் ஏற்றிவிட மச்சானே காரில் கொண்டுவந்தார். வாப்பா பின்சீட்டில் உட்கார்ந்து, எதிரே வந்தவர்களுக்கெல்லாம் தலையசைத்துக்கொண்டு வந்தார். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வேகமானி முள் வேலை செய்யவில்லை. வாந்தியும் வரவில்லை.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது அப்பா என் நோட்டை எடுத்துப் புரட்டினார். எண்கள் நிறைந்த பக்கங்களை மெச்சிக்கொண்டே வந்தவர் கடைசிப் பக்கத்தில் நின்றார்.

"இதுல எண்ணே இல்லியே. என்ன எழுதியிருக்க?"

வாசித்துக் காட்டினேன். அரபி, துணி, பேரீச்ச மரம், மூச்சு, எல்லாம். உலகத்திலேயே வேகமான கார் ஆள் நடக்கிற வேகத்தில் போனது என்பதைக் கேட்டு அப்பா என் பக்கம் திரும்பினார். அந்தக் கார் எவ்வளவு வேகம் போகும் என்று கேட்பார் என நினைத்தேன். பதினோராம் பக்கத்தைத் தயாராகப் பிடித்திருந்தேன்.

"அந்த மாப்பிள்ள திரும்பிப் போயிட்டானா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. விசா முடிஞ்சிட்டு. இங்கனதான் இருக்காரு. திருச்செந்தூருக்கு ஆள் ஏத்துதாரு."

"வண்டிய இன்னமும் தள்ளுதாங்களா?"

"புதுப் பேட்டரி போட்டாச்சு. ஆனா வாரத்துக்கு ஒருநா அவரு மாமனாரு வந்து, சும்மா ஸ்டார்ட் பண்ணிக் கேட்டுட்டுப் போறாராம்."

அப்பா தலையை ஆட்டினார். அது அவருக்கு முழுக்க விளங்கியதுபோல இருந்தது.